ஃபைபர் ஒடஞ்சா ஒட்டாதுன்னு யாருங்க சொன்னது?

"ஃபைபரா? ஒடஞ்சா ஒடஞ்சதுதான் சார். தூக்கிப் போட்டுட்டு வேற பாருங்க."

கார்த்திகையில ஆரம்பிச்சு தை பொறக்குற வரைக்கும் இந்த ஒரே வசனம்தான். சொன்னவங்க எல்லாருமே நல்லவங்க. ஆனா ஒருத்தர்கூட ஃபைபரை அரைச்சுப் பார்த்தவர் இல்ல, ரெசினைக் கையால கலக்குனவர் இல்ல. அப்புறம் எப்படிங்க இவ்வளவு உறுதியாச் சொல்றாங்க? அந்த எரிச்சல்லதான் உக்காந்து எழுதுறேன்.

மொதல்ல விஷயத்தைச் சொல்லிடுறேன். எங்கிட்ட ஒரு கயாக் இருக்கு. ஒக்கூர்ல.

(சிரிச்சு முடிச்சிட்டீங்களா? சரி.)

ஒக்கூர்னா சிவகங்கைப் பக்கம். மாசாத்தியார் ஊருன்னு சொன்னா தமிழ் படிச்சவங்களுக்குச் சட்டுன்னு பிடிபடும். சங்கப் புலவர், புறநானூத்துல 279ஆவது பாட்டு அவங்க பாடினது. மத்தபடி கடல் எங்க, நாங்க எங்க! செம்மண்ணு, வேப்பமரம், பழைய செட்டிநாட்டு வீடுங்க, கண்மாய். மழை பேஞ்சா கண்மாயில தண்ணி, பேயலைன்னா கண்மாயில கிரிக்கெட்டு. வேப்பமரத்தடியில கயாக்கைப் போட்டிருந்தப்ப பக்கத்து வீட்டு ஆச்சி வந்து சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, "என்னப்பு, தண்ணித் தொட்டி வாங்கியிருக்க போல. வாய் இவ்வளவு சின்னதா இருக்கே, உள்ள எப்படிக் கழுவுவ?"ன்னு கேட்டாங்க.

இந்தக் கேள்வியோட அருமை எனக்கு அப்பத் தெரியல. பின்னாடி வரேன்.

எல்லாம் காரங்காட்டால வந்தது. தொண்டிக்குத் தெக்க இருக்கு. அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேர்ந்து படகுச் சவாரி நடத்துறாங்க, கயாக்கும் உண்டு. அங்க போய் உக்காந்து துடுப்புப் போட்டதுதான் வினை. அப்புறம் கிழக்குக் கடற்கரைப் பக்கம் ஒருத்தர் பழசு ஒண்ணு விக்கிறார்னு கேள்விப்பட்டு வாங்கிட்டேன். ஒத்தை ஆள் உக்கார்றது, மஞ்சக் கலர், ஃபைபர். இப்ப புதுசா வர்றதுல நிறைய பிளாஸ்டிக்தான். இது அந்தக் காலத்து ஆளு.

ஒடஞ்சது எப்படின்னு எல்லாரும் கேக்குறாங்க. பாறையில மோதுச்சா, முதலை கடிச்சுச்சான்னு. (சிவகங்கையில முதலை.) அதெல்லாம் இல்லீங்க. தண்ணியில இருந்த வரைக்கும் அதுக்கு ஒரு கீறல் விழல. குட்டியானையில ஏத்திட்டு வரும்போது வேகத்தடையில எகிறி ரோட்டுல விழுந்துச்சு. கயிறு கட்டினது சரியில்லைன்னு டிரைவரும், வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு போடலைன்னு நானும் இன்னமும் பேசிக்கிட்டு இருக்கோம்.

அடிப்பக்கம், சீட்டுக்கு நேர் கீழ, உள்ளங்கை அகலத்துக்குக் குழி. அதுல இருந்து ஒரு ஜாண் நீளத்துக்கு விரிசல். வெளிய மஞ்சள் பூச்சு சில்லுச் சில்லாப் பேந்து, உள்ள வெள்ளை நாரு தெரிஞ்சுது.

அன்னைக்குச் சாயங்காலத்துலயே வைத்தியம் சொல்ல ஊர் கூடிருச்சு.

வெல்டிங் பட்டறைக்காரர் எம்-சீல் வச்சு அடைங்கன்னார். குழாய் ஓட்டைக்கு அது நல்ல சரக்கு, நானும் வீட்டுல அதைத்தான் வைப்பேன். ஆனா குழாய் ஆடாம ஒரே இடத்துல இருக்கு. கயாக்கோட அடிப்பக்கம் ஆள் ஏறினா வளையும், இறங்கினா நிமிரும். வளையுற இடத்துல கட்டியா ஒண்ணை அப்பி வச்சா, அப்பின ஓரத்துலயே புதுசா விரிசல் விடும். அதோட, அங்க போனது பூச்சு மட்டும் இல்ல, சுமை தாங்குற நாரே அறுந்து போச்சு. ஓட்டையை அடைச்சா தண்ணி நிக்கும், பலம் எங்க இருந்து வரும்?

அடுத்தவர் தண்ணித் தொட்டிக்குப் பிளாஸ்டிக் குச்சிய உருக்கி ஒட்டுறவர். ஹாட் கன்னோட வந்தாரு, ஒரு ஓரத்துல சூடு காட்டினாரு. உருகல. கருகுச்சு. "இது பிளாஸ்டிக் இல்லண்ணே"ன்னு அவரே சொல்லிட்டுக் காசு வாங்காமப் போயிட்டாரு. மனுஷன்! அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. தொட்டியும் இப்ப வர்ற பிளாஸ்டிக் கயாக்கும் பாலி எத்திலீன். சூடு வச்சா இளகும், ஆறினா இறுகும். ஃபைபர்ல இருக்கிற ரெசின் ஒரு தடவ இறுகிட்டா அப்புறம் எந்தச் சூட்டுக்கும் இளகாது, நேரா கரிதான். (இதையே திருப்பியும் வச்சுக்கங்க. உங்ககிட்ட இருக்கிறது பிளாஸ்டிக் கயாக்னா, நான் கீழ சொல்லப்போற ரெசின் வேலை எதுவும் அதுல பிடிக்காது.)

மூணாவது, கார் டிங்கரிங் கடை. "பட்டி பார்த்து பெயின்ட் அடிச்சிரலாம் சார், புதுசாயிரும்." புதுசாத்தான் தெரியும். கண்மாய்ல இறக்குற வரைக்கும்.

இதுக்கு நடுவுல யாரும் சொல்லாத ஒரு காரியம் செஞ்சேன். ஒரு அஞ்சு ரூபா நாணயத்தை எடுத்து அடிப்பக்கம் பூராத் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்துல 'டிக் டிக்'னு கணீர்னு கேக்குது. ஒடஞ்ச இடத்துக்குக் கிட்ட வந்தா 'தொப் தொப்'. உள்ள அடுக்கு அடுக்கா விட்டுப் போன இடம் அப்படித்தான் கேக்கும். கண்ணுக்குத் தெரிஞ்சது உள்ளங்கை அளவு. காதுக்குத் தெரிஞ்சது அதுல மூணு பங்கு. பென்சிலால கோடு போட்டு வச்சுக்கிட்டேன்.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மதுரை-தொண்டி ரோட்டைப் பிடிச்சு, காளையார்கோவில், திருவாடானை தாண்டிக் கடற்கரைக்கே போயிட்டேன். போட்டோவும் பேந்த சில்லு ஒண்ணும் கையில.

அங்க போய்ப் பார்த்தாத்தான் ஒக்கூர்ல கேட்ட வசனம் எவ்வளவு அபத்தம்னு தெரியுது. கரையில நிக்கிற படகுல பாதிக்கு மேல ஃபைபர். ஒவ்வொண்ணு அடியிலயும் ஒட்டு. பச்சைப் படகுல நீல ஒட்டு, நீலப் படகுல வெள்ளை ஒட்டு. எல்லாம் தினமும் கடலுக்குப் போய்ட்டு வருது. மணல்ல இழுத்து இழுத்து அடி தேஞ்சு, வருஷா வருஷம் புது அடுக்குப் போடுறாங்க. ஒரு மணி நேரத் தூரத்துல இருக்கிற ஊருக்குத் தெரிஞ்ச வேலை நம்மூர்ல யாருக்கும் தெரியல. நமக்குப் படகு வேணாம், அதனால தெரிய வேணாம். சரி, அது நியாயம். ஆனா தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்ல?

பட்டறையில இருந்த மேஸ்திரிக்கு அறுபது தாண்டியிருக்கும். அவங்க அப்பா மரப்படகுக்குக் கலப்பத்து அடிச்சவராம். பலகைக்கும் பலகைக்கும் நடுவுல பஞ்சைத் திணிச்சு, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுற வேலை. இவர் வாலிபத்துல ஃபைபர் வந்திருச்சு. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்போட வங்காள விரிகுடாத் திட்டம் 1979ல சென்னையில ஆபீஸ் போட்டு, அலையடிக்கிற கரையில ஏத்தி இறக்குற மாதிரி ஃபைபர் படகுகளை வடிவமைச்சுப் பரிசோதிச்சுச்சு. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமா வந்ததுல பெரும்பாலும் ஃபைபர்தான். கட்டுமரம் ஓட்டின கிராமங்கள்ல ஒரே வருஷத்துல கரையோட நிறமே மாறிப்போச்சு. அவசரத்துல செஞ்சது நிறைய, அதுல மட்டமும் நிறைய. "அந்தப் படகுகளை ஒட்டி ஒட்டித்தான் தம்பி நாங்க தொழில் கத்துக்கிட்டோம்"னார்.

நான் கொண்டுபோன சில்லை வளைச்சுப் பார்த்தார், மோந்து பார்த்தார். "பாலியெஸ்டர். ஒண்ணும் பயமில்ல. ஒட்டுறது அரை நாளு. அரைக்கிறதுதான் வேலை. அரைக்க அலுப்புப்பட்டா எங்கிட்டயே கொண்டாந்துருங்க."

நான் அலுப்புப்படலை. (பிடிவாதம்.)

சரி, வேலைக்கு வருவோம்.

மொதல்ல காயணும். ஃபைபர் தண்ணி குடிக்காதுன்னு நெனைப்போம். முழுசா இருக்கிற வரைக்கும் சரி. அறுந்த நாரு திரி கணக்கா தண்ணியை உள்ள இழுக்கும். ஈரத்து மேல ரெசின் பிடிக்காது. அதனால நல்ல தண்ணியில கழுவி, தை மாச வெயில்ல போட்டு, ராத்திரி பனி இறங்காம உள்ள தூக்கி வச்சு, அந்த நாரெல்லாம் மொறுமொறுன்னு ஆகுற வரைக்கும் காத்திருந்தேன். கார்த்திகை மழையிலயே ஆரம்பிச்சிருந்தா எல்லாம் வீண்.

அப்புறம் அரைப்பு. சின்ன கிரைண்டர்ல நாப்பதாம் நம்பர் தாள். ஒடஞ்சு தொங்குன நாரையெல்லாம் வெட்டி எடுத்து, 'தொப் தொப்'னு கேட்ட இடம் முடிஞ்சு கணீர்னு கேக்குற இடம் வரைக்கும் போகணும். அங்க நிறுத்தக் கூடாது. அதுக்கு மேல ஓரத்தைச் சரிவா இழைக்கணும். கனத்தைப்போல பன்னெண்டு மடங்கு சரிவுங்கிறது வழக்கம். என் கயாக் கனம் மூணு மில்லி மீட்டர். அப்ப சுத்தி எல்லாப் பக்கமும் முப்பத்தாறு மில்லி. உள்ளங்கை அளவு ஓட்டை இப்ப சாப்பாட்டுத் தட்டு அளவு. பார்த்தவங்க எல்லாம் "ஐயோ, இன்னும் பெருசாக்கிட்டானே"ன்னு தலையில கை வச்சாங்க. இவ்வளவு அகலம் எதுக்குன்னா, புதுசு பழசைப் பிடிச்சிக்கிறது அந்தச் சரிவோட பரப்புலதான். பரப்பு குறைஞ்சா பிடி குறையும்.

ஒட்டு உள்பக்கமா இருந்து போடணும். அப்பதான் வெளிப்பக்கம் வழுவழுப்பு கெடாது. இங்கதான் ஆச்சி கேட்ட கேள்வி. வாய் இவ்வளவு சின்னதா இருந்தா உள்ள எப்படி? சீட்டைக் கழட்டிட்டு, தலையையும் ஒரு கையையும் உள்ள விட்டு, இன்னொரு கையால வெளிய எதையாவது பிடிச்சுக்கிட்டு, கவுந்து படுத்து அரைக்கணும். விழுந்தது சீட்டுக்குக் கீழங்கிறதால பொழச்சேன். மூக்குப் பக்கம் ஒடஞ்சிருந்தா கை எட்டாது, மேல்பக்கத்துல ஒரு வழி வெட்டித்தான் ஆகணும்.

அந்தத் தூசியைப் பத்திச் சொல்லியே ஆகணும். அது கண்ணாடித் தூள். நெசமாவே கண்ணாடி. நல்ல மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கை சட்டை எல்லாம் போட்டும் கழுத்துலயும் மணிக்கட்டுலயும் ராத்திரி பூரா அரிச்சுது. சொறிஞ்சா இன்னும் உள்ள ஏறும். சுடு தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. பச்சைத் தண்ணியில கழுவிட்டு, செலோ டேப்பை ஒட்டி ஒட்டி உரிச்செடுத்தா பாதி முள்ளு அதுலயே வந்துரும். அந்தச் சட்டையை வீட்டுத் துணியோட சேர்த்து ஊறப் போட்டுராதீங்க. குடும்பமே சொறியும்.

இப்ப சரக்கு. மதுரையில வாங்கினேன். பாலியெஸ்டர் ரெசின், தேன் கலர்ல. கோபால்ட், ஊதாக் கலர்ல. கேட்டலிஸ்ட், தண்ணி கலர்ல. இந்த ரெண்டும் சேர்ந்துதான் ரெசினை இறுக வைக்கும். அப்புறம் மேட். நறுக்கின கண்ணாடி நாரை அங்கயும் இங்கயும் தூவி அமுக்கின துணி, சதுர மீட்டருக்கு 450 கிராமும் 300 கிராமும்.

"எபாக்ஸி போடலாமே, அது இன்னும் பலமாச்சே"ன்னு ஒரு என்ஜினீயர் நண்பர் கேட்டார். பலம்தான், ஒட்டும் நல்லாப் பிடிக்கும். ஆனா விலையும் ஜாஸ்தி. மேட்டுல நாரைப் பிடிச்சு வச்சிருக்கிற பசை, பாலியெஸ்டர் ரெசின்ல இருக்கிற ஸ்டைரீன்ல கரையுற சரக்கு. எபாக்ஸியில ஸ்டைரீன் இல்ல, அதுல மேட் சரியா நனையாது. அதுக்கு நெய்த துணி வேணும். போதாக்குறைக்கு எபாக்ஸி மேல பாலியெஸ்டர் ஜெல்கோட் (வெளிப் பூச்சு) அடிச்சா காயாமப் படுத்தும். ஏற்கனவே பாலியெஸ்டர்ல செஞ்ச படகு, அதே சரக்குலயே போகட்டும்னு விட்டேன்.

அடுத்த பத்தியைக் குழந்தைங்களுக்குப் பாடம் சொல்ற மாதிரி சொல்றேன், கோச்சுக்காதீங்க.

கோபால்டும் கேட்டலிஸ்ட்டும் நேருக்கு நேர் சந்திக்கவே கூடாது. கேட்டலிஸ்ட் ஒரு பெராக்ஸைடு. ரெண்டையும் தனியா ஒண்ணாச் சேர்த்தா தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். மொதல்ல கோபால்டை ரெசின்ல ஊத்தி நல்லாக் கலக்கணும். அது முழுசாக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். ரெண்டுக்கும் ஒரே கரண்டி, ஒரே சிரிஞ்சு கூடவே கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாம மூடியைத் திறக்காதீங்க.

அளவு, ரெசின் எடையில கேட்டலிஸ்ட் ஒண்ணுல இருந்து ரெண்டு சதவீதம். நம்ம வெயிலுக்கு ஒண்ணே போதும். இதை நேரா படகுலயே போட்டுப் பார்க்க மனசு வரல. வேஸ்ட் மேட் துண்டுகளை ஒரு தகடு மேல வச்சு விதவிதமாக் கலந்து பார்த்தேன். காலையில நிழல்ல கலந்தது நிதானமா, பிரஷ் ஓட்ட நேரம் குடுத்து இறுகுச்சு. அதே அளவை மத்தியானம் வெயில்ல கலந்தா, பிரஷ்ஷை எடுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள அல்வா. ஒரு டம்ளர்ல கொஞ்சம் மிச்சம் வச்சிருந்தேன், அது சூடாகிப் பொகை விட்டு டம்ளரே கோணிக்கிச்சு. ரெசின் இறுகும்போது சூடு விடும், குறுகலான பாத்திரத்துல அந்தச் சூடு போக வழியில்ல. அகலத் தட்டுல, கொஞ்சம் கொஞ்சமாக் கலக்குங்க. இந்தச் சோதனைக்குச் செலவான ரெசினை நான் செலவாவே நெனைக்கல.

ஒட்டுற அன்னைக்கு வெளிப்பக்கம் ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வளைவோட வளைவா வச்சு டேப் ஒட்டினேன். (எங்க மாமாவோட முழங்கால். கடைசியில ஒரு உபயோகம்.) உள்பக்கம் அசிடோன்ல துடைச்சு, ரெசின் தடவி, மேட் வச்சேன். மேட்டைக் கத்திரியில வெட்டாம கையால கிழிச்சுக்கங்க. கிழிச்ச ஓரம் மெலிசா இருக்கும், படிஞ்சு போகும். மொதல்ல பெரிய துண்டு, அதுக்கு மேல சின்னது, அதுக்கும் மேல இன்னும் சின்னது. சின்னதுதான் மொதல்லன்னு வாதாடுறவங்களும் உண்டு. தொண்டி மேஸ்திரி பெருசுன்னார், எனக்கு அது போதும்.

வெள்ளை வெளேர்னு இருக்கிற மேட், ரெசின் குடிச்சதும் கண்ணாடியாத் தெளியும். அதைப் பார்க்கிறதுல ஒரு சுகம் இருக்கு பாருங்க! எங்க இன்னும் வெள்ளையாத் தெரியுதோ அங்க காத்து மாட்டியிருக்குன்னு அர்த்தம். மயிரைக் கட்டையா நறுக்கின பிரஷ்ஷால குத்திக் குத்தி வெளிய தள்ளணும். தேய்ச்சா நாரு பிரஷ்ஷோட வந்துரும். குத்தணும். ரெசினைக் கொட்டிக் கவிழ்க்கவும் வேணாம். மேட் எடைக்கு ரெண்டு, ரெண்டரை மடங்கு போதும். பலம் கண்ணாடியில இருக்கு, ரெசின் ஜாஸ்தியானா மொறுமொறுன்னு உடையும்.

நம்ம செட்டிநாட்டு வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு அடுக்கடுக்காப் போடுவாங்கள்ல, அதே சூட்சுமம்தான் இங்கயும். கீழ் அடுக்கு முழுசா இறுகிச் சாகுறதுக்குள்ள மேல் அடுக்கு ஏறணும், அப்பதான் ரெண்டும் ஒண்ணாகும். விட்டுட்டீங்கன்னா மறுநாள் திரும்ப அரைச்சுட்டுத்தான் அடுத்தது. அதுக்காக எல்லாத்தையும் ஒரேயடியா ஏத்திட்டாலும் சூடு ஏறி உள்ள வெந்துரும்.

மறுநாள் எக்ஸ்ரேவை உரிச்சேன். பளபளன்னு வந்திருந்துச்சு. வெளிப்பக்கம் விரிசலைக் கொஞ்சம் கீறி ஜெல்கோட் பூசி, அது மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினேன். ஜெல்கோட் காத்துப் பட்டா மேலாக்க பிசுபிசுன்னே நிக்கும், காத்தை மறைச்சாத்தான் நல்லா இறுகும். அப்புறம் வாட்டர் பேப்பர், நானூறு, எண்ணூறு, ஆயிரத்தி இருநூறு. கடைசியா ரப்பிங் காம்பவுண்ட்.

கலர் சேரல. சேராதுங்க. படகு வெயில்ல வெளுத்த மஞ்சள், நான் போட்டது கடையில வாங்கின மஞ்சள். தூரத்துல இருந்தே தெரியுது. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

தண்ணியில விடுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. ரெண்டு ஸ்டூல் மேல கயாக்கை வச்சு, உள்ள ஒட்டு மூழ்குற அளவுக்குத் தண்ணி ஊத்தி, வெளிப்பக்கம் நியூஸ் பேப்பர் ஒட்டி வச்சேன். காலையில பேப்பர்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. தட்டிப் பார்த்தேன், கணீர்.

பங்குனி நெருங்கிருச்சு, கண்மாய்ல தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கு. அதுக்குள்ள லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கிட்டு இறங்கிப் பார்த்தாச்சு. சீமைக்கருவேல முள்ளுக்குப் பக்கத்துல போகாம, கலுங்குக்குக் கிட்ட போகாம, நடுத்தண்ணியில. ஒழுகல. ("வேட்டங்குடிப் பறவைச் சரணாலயத்துக்குக் கொண்டு போலாமே, பறவையெல்லாம் பக்கத்துல பார்க்கலாம்"னு ஒரு பையன் சொன்னான். போடா. அந்தப் பறவைங்களுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிக்காத ஊரு அது. அங்க போய்த் துடுப்படிக்கிறதா?)

டிங்கரிங் கடைக்காரர் கரையில நின்னு பார்த்துட்டு, "எவ்வளவு நாள் தாங்கும் சார்?"னு கேட்டார். சுத்தியிருக்கிற பழைய ஃபைபரை விட ஒட்டுதான் இப்ப கனம். அடுத்து ஒடஞ்சா வேற இடத்துலதான் உடையும்.

இன்னொண்ணு. காரைக்குடியில சிக்ரி (மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்குல்ல, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுக்க, 1948ல அடிக்கல் நாட்டப்பட்டது. அங்க இரும்பு எப்படித் துருப்பிடிக்குது, எப்படித் தடுக்கலாம்னு இத்தனை வருஷமா ஆராய்ச்சி நடக்குது. ஃபைபருக்கு அந்தக் கவலை இல்ல, துருவே பிடிக்காது. அதுதான் அதோட தொல்லையும். மக்காது, உருக்கவும் முடியாது. பழைய இரும்புக் கடையில இரும்புன்னா எடை போட்டு எடுத்துக்குவான், ஃபைபரை ஓசியில குடுத்தாலும் வாங்க மாட்டான். தூக்கிப் போடுன்னு சொல்றவங்ககிட்ட, எங்க போடன்னு கேட்டுப் பாருங்க.

உங்க வீட்டுல ஃபைபர் கதவோ, தொட்டியோ, படகோ விரிசல் விட்டுக் கிடந்தா மொதல்ல நாணயத்தை எடுத்துத் தட்டிப் பாருங்க. செய்யலாம்னு தோணுச்சுன்னா, ரெசின் வாங்குற கடையில ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்க: இதுல கோபால்ட் ஏற்கனவே கலந்திருக்கா, தனியாக் கலக்கணுமா? பதில் தெளிவா வரலைன்னா அந்தக் கடையில வாங்காதீங்க.